மேஜை மேல் கட்டிய வீடு

நாத்தனாரைப் பற்றி நல்லவிதமாக நாலு வார்த்தை பேசுகிற பெண்ணை யாரும் நம்புவதில்லை. அந்த அம்மாள் பக்கத்தில் நிற்கிறாள் போலிருக்கிறது என்பார்கள். இல்லாவிட்டால், ஏதோ காரியம் ஆக வேண்டியிருக்கிறது என்பார்கள். என் நாத்தனார் இப்போது பக்கத்தில் இல்லை. ஆஸ்பத்திரியில் டியூட்டியில் இருக்கிறார். அவரால் ஆக வேண்டிய காரியமும் ஆகி முடிந்துவிட்டது. அதனால் தைரியமாகச் சொல்கிறேன்: நாங்கள் குடியிருக்கிற இந்த வீடு சொன்ன காலத்தில் எழும்பி நின்றது அவரால்தான்.

என் வீட்டுக்காரருக்கு அக்கா. நான் அண்ணி என்று கூப்பிடுவேன். ஆபரேஷன் தியேட்டரில் நர்ஸ். பேச்சு குறைவு. சாப்பிடும்போது நிமிர்ந்து பார்க்காமல் உள்ளங்கையை நீட்டுவார். உப்பா, தண்ணீரா, கரண்டியா என்று நாம்தான் கண்டுபிடித்து வைக்க வேண்டும். டாக்டருக்கு இவர் அப்படி எடுத்துக் கொடுத்துப் பழகியவர். வீட்டுக்கு வந்தால் இவர் டாக்டர், நாங்கள் நர்ஸ். கல்யாணமான புதிதில் நான் வேண்டுமென்றே அந்தக் கையில் ஒரு வெங்காயத்தை வைத்தேன். வெங்காயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "இது இப்ப வேண்டாம்மா" என்று திருப்பிக் கொடுத்தார். சிரிக்கவும் இல்லை, முறைக்கவும் இல்லை. எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். இந்த மாதிரி ஆளோடு சண்டை போடவும் வழியில்லை என்று அன்றைக்கே கைகழுவிவிட்டேன்.

மாமனார் போனபோது அண்ணி படித்துக்கொண்டிருந்தாராம். படிப்பு முடிந்த கையோடு வேலைக்குப் போய், தம்பியைத் தொழில் கற்க அனுப்பி, குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர் அவர்தான். தன் கல்யாணத்தை மட்டும் 'அப்புறம் பார்க்கலாம், அப்புறம் பார்க்கலாம்' என்று தள்ளித் தள்ளி, கடைசியில் பார்க்காமலே விட்டுவிட்டார். அவர் வாழ்க்கையில் தாமதம் என்று ஒன்று உண்டென்றால் அது ஒன்றுதான்.

தம்பி கற்ற தொழில் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்ப்பது. பணிமனையில் ஜன்னலோரம் அவருக்கு ஒரு நாற்காலி, ஒரு இயந்திரம். மழையில் வண்டி சறுக்கி முதுகெலும்பு அடிபட்டு இரண்டு கால்களும் செயலற்றுப் போன பிறகும், கையும் கண்ணும் பழையபடியே இருந்தன. உட்கார்ந்து பார்க்கிற வேலை. போக முடிந்தால் பார்க்கலாம். ஆனால் நாங்கள் குடியிருந்தது லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் மூன்றாவது மாடி.

ஆஸ்பத்திரிக்குப் போகிற நாட்களில் நாலு பேர் அவரை நாற்காலியோடு தூக்கி இறக்குவார்கள். "பிடி, பிடி, அந்தப் பக்கம் சாயுது" என்ற சத்தத்தில் ஒவ்வொரு மாடியிலும் கதவு திறக்கும். பார்ப்பவர்கள் பாவப்பட்டுத்தான் பார்த்தார்கள். அந்தப் பாவப்படுதல்தான் அவருக்கு ஆகவில்லை. "இனிமே ஆஸ்பத்திரிக்கு மட்டும் போதும், வேற எதுக்கும் என்னைத் தூக்காதீங்க" என்று சொல்லிவிட்டார். அதன் பிறகு அவருக்கு வெளியுலகம் என்பது படுக்கையறை ஜன்னல்தான். எந்த நேரத்தில் கேட்டாலும் அவர் எங்கே இருக்கிறார் என்று எனக்குத் தெரியும். ஒரு மனைவிக்குத் தெரியக்கூடாத அளவுக்குத் தெரியும்.

பணிமனை முதலாளி வந்து பார்த்தார். நல்ல மனுஷன். "வருஷக் கடைசி வரைக்கும் உங்க இடத்துல யாரையும் உக்கார வைக்க மாட்டேன். அதுக்கு மேல என்னாலயும் தாக்குப்பிடிக்க முடியாது" என்றார். கீழ்த்தளத்தில் வாடகை வீடு தேடினோம். எல்லா வீட்டிலும் குளியலறைக் கதவு குறுகல், இடித்து அகலமாக்க உரிமையாளருக்கு மனமில்லை. மாமனார் விட்டுப்போன துண்டு நிலம் ஒன்று பணிமனைக்கு இரண்டு தெரு தள்ளிக் கிடந்தது. கட்டினால் அங்கே கட்ட வேண்டும். வருஷம் முடிவதற்குள் கட்ட வேண்டும். இல்லாவிட்டால் நாற்காலி போய்விடும்.

"வீடு கட்டி எவன் சொன்ன நாள்ல முடிச்சான்?" என்று ஊர் உலகமே கேட்டது. அண்ணி அந்தக் கேள்வியை நிஜமான கேள்வியாகவே எடுத்துக்கொண்டார். சமீபத்தில் வீடு கட்டிய சொந்தக்காரர்களைத் தேடிப் போனார். வீட்டைச் சுற்றிப் பார்க்கவில்லை, அழகாக இருக்கிறது என்று சொல்லவில்லை. "வேலை எப்ப நின்னுச்சு? அன்னைக்கு என்ன இல்லாம நின்னுச்சு?" இதை மட்டும் கேட்டார். முதலில் எல்லோரும் மழையைத் திட்டினார்கள், மேஸ்திரியைத் திட்டினார்கள். அண்ணி விடாமல் கேட்கக் கேட்க உண்மை வந்தது. ஒருவர் தரை ஓடு பிடிக்காமல் கடை கடையாக அலைந்திருக்கிறார். அதுவரை சும்மா இருக்க முடியாமல் மேஸ்திரி வேறு வேலைக்குப் போய்விட்டார். இன்னொருவர் பூசி முடித்த சுவரில் ஜன்னல் வேண்டும் என்றிருக்கிறார்.

"நோயாளி சொல்ற காரணம் ஒண்ணு, நோய் வேற ஒண்ணு" என்றார் அண்ணி, திரும்பி வரும் வழியில். "வேலைக்காரங்க நம்மளைக் காக்க வைக்கல. நாமதான் அவங்களைக் காக்க வைக்கிறோம்."

அடுத்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் சாப்பாட்டு மேஜை மேல் ஒரு வெள்ளைத் துணியை விரித்தார். "இந்த வீட்டுக்குள்ள என்னென்ன வரப்போகுதோ, எல்லாத்துலயும் ஒண்ணு இந்த மேஜை மேல வரணும். வந்த பிறகுதான் அஸ்திவாரம் தோண்டணும்."

"எல்லாத்துலயுமா?" என்றேன்.

"தியேட்டர்ல வயித்தைத் திறந்து வெச்சுட்டு, கத்தரி எங்கன்னு தேட மாட்டோம்மா."

சாப்பிடும் மேஜையில் உட்கார்ந்து வயிற்றைத் திறக்கிற பேச்சு. என் மாமியார் எழுந்து உள்ளே போய்விட்டார்.

அதற்கப்புறம் நாங்கள் மாதக்கணக்கில் தரையில் உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். மேஜை மேல் ஒரு குழாய், ஒரு தாழ்ப்பாள், ஒரு கீல், ஒரு சுவிட்ச், கதவுக்கு ஒரு கைப்பிடி, தரை ஓடு ஒன்று, குளியலறைக்கு வழுக்காத ஓடு ஒன்று, ஜன்னல் கம்பியில் ஒரு சாண் துண்டு. பல மரம் கண்ட தச்சன் ஒரு மரமும் வெட்டான் என்பார்கள். அண்ணி எங்களைப் பல மரம் பார்க்கவே விடவில்லை. ஒரு சாமானுக்கு இரண்டே மாதிரி கொண்டு வருவார். என் வீட்டுக்காரர் சக்கர நாற்காலியில் இருந்தபடி இரண்டையும் திருகிப் பார்ப்பார், தள்ளிப் பார்ப்பார், ஒன்றைத் துணியின் மேல் வைப்பார். மற்றது அன்றைக்கே கடைக்குத் திரும்பிவிடும். ஜன்னலும் கதவும் செய்து வர நாளாகும் என்பதால், செங்கல் வருவதற்கு முன்பே தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. அந்த நாட்களில்தான் என் வீட்டுக்காரர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் ஓடியது. குழாயைத் திருகுகிற மனுஷன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அஸ்திவாரம் தோண்டுவதற்கு முன் அண்ணி இன்னொரு சட்டம் போட்டார். "மேஸ்திரிகிட்ட ஒரே ஒரு வாய்தான் பேசணும். ஆளுக்கொரு நாட்டாமை கூடாது."

அந்த வாய் அண்ணியுடையதுதான் என்று எல்லோரும் நினைத்தோம். அவர் என் பக்கம் கையை நீட்டினார். "நீதான். உனக்குக் கோபம் வரும். அந்தக் கோபம் இவ்வளவு நாளும் வீட்டுக்குள்ள வீணாப் போயிட்டிருந்துச்சு."

புகழ்ந்தாரா, இடித்துக் காட்டினாரா என்று எனக்கு இன்று வரை தெரியாது. ஆனால் அந்த வேலையை நான் செய்தது போல யாரும் செய்திருக்க முடியாது. முதல் பலி என் சொந்த அண்ணன். அவனுக்கு நாங்கள் வைத்திருக்கும் பெயர் 'ஒரு யோசனை'. எதையும் அப்படித்தான் ஆரம்பிப்பான். சுவர் இடுப்பளவு எழும்பியிருந்தபோது வந்தான். கையைக் கட்டிக்கொண்டு ஒரு சுற்று சுற்றினான்.

"ஒரு யோசனை. இந்த அறையை அந்தப் பக்கம் தள்ளினா காத்து நல்லா வரும்."

மேஸ்திரி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். "காத்து வேணும்னா உன் வீட்டு மொட்டை மாடிக்குப் போ. இங்க நின்னேன்னா கல் சுமக்கணும்."

"வீட்டுக்கு வந்தவன்கிட்ட இப்படியா பேசுவ?"

"இது இன்னும் வீடே ஆகல."

போய்விட்டான். அடுத்த வாரம் வந்து நிஜமாகவே கல் சுமந்தான், அதையும் சொல்லிவிட வேண்டும். மாமியாருக்கு மட்டும் என்னால் அப்படிப் பதில் சொல்ல முடியவில்லை. அவர் முன்னறையில் இன்னொரு அலமாரி கேட்டார். நான் அண்ணியிடம் தள்ளிவிட்டேன். அண்ணி, "தோண்டினதுக்கு அப்புறம் எதுவும் மாறாதும்மா" என்று பெற்ற தாய்க்கே ஒரே வரியில் முடித்துவிட்டார்.

மேஸ்திரி ஒருநாள் டீ குடித்துக்கொண்டே என்னிடம் சொன்னார். "நான் கட்டின வீடுகள்ல பாதியில வேற சைட்டுக்கு ஓடாத வீடு இதுதாங்கம்மா. ஓடலாம்னுதான் பார்க்கிறேன். ஓடுறதுக்கு நீங்க ஒரு நாள்கூட காரணம் குடுக்க மாட்டேங்கறீங்க."

கூரை போட்டாயிற்று. மின்சாரக் கம்பி போயிற்று, குழாய் போயிற்று, பிறகு பூச்சு. ஒன்று முடியும்போது அடுத்ததற்கான சாமான் வாசலில் நிற்கும். மழை ஒரு வாரம் பிடித்துக்கொண்டது. அதற்கும் அண்ணி முன்கூட்டியே இடம் விட்டிருந்தார். வருஷக் கடைசிக்கு முன் முடிந்துவிடும் என்று எனக்கு நம்பிக்கை வந்த அந்த வாரம்தான் எங்கள் தலையில் இடி விழுந்தது.

நான் தினமும் வேலையைப் படம்பிடித்து என் வீட்டுக்காரருக்குக் காட்டுவேன். அன்றைக்கு வீட்டு முன்பக்கம் மூன்று அகலமான படிகளுக்குப் பலகை அடித்திருந்தார்கள். பார்க்க லட்சணமாக இருந்தது. பெருமையாகக் காட்டினேன்.

"இது என்ன?"

"வாசப்படிங்க."

"நான் எப்படி ஏறுவேன்?"

"உங்களுக்குத்தான் பக்கத்துல சரிவு போடுறாங்களே. சமையலறைப் பக்கம். வரைபடத்துல இருந்துச்சே."

அவர் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கைபேசியை என்னிடம் கொடுத்தார். "சரி. கேஸ் சிலிண்டர் வர்ற வழி."

அவர் குரலில் கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் நானும் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். "ஒண்ணும் மாத்த வேண்டாம். நாள் தள்ளிப்போனா என் சீட்டு போயிடும். நான் பக்கவாட்டுலயே வந்துக்கறேன்" என்றார். அந்த வீடே அவருக்காக. கதவின் அகலம் அவருக்காக, குழாயின் உயரம் அவருக்காக, தாழ்ப்பாள்கூட அவர் விரலுக்காக. அதற்குள் அவர் நுழைவதற்கு மட்டும் நாங்கள் சிலிண்டர் வழியைக் காட்டியிருக்கிறோம். எங்கள் குடும்பத்தில் ஒருவருக்கும் அது உறைக்கவில்லை. அன்புக்கு ஒரு குறையும் இல்லை, புத்திதான் இல்லை.

அண்ணிக்குப் போன் செய்தேன். தோண்டிய பிறகு எதுவும் மாறாது என்பாரோ என்று பயந்துகொண்டேதான் சொன்னேன். மறுநாள் காலை டியூட்டி முடித்த கையோடு நேராக சைட்டுக்கு வந்துவிட்டார். வாசலில் நின்று அந்தப் பலகைகளை வெகுநேரம் பார்த்தார்.

"மேஜையில வைக்க முடிஞ்சதை மட்டுந்தான் பார்த்திருக்கேன்" என்றார். "வாசலைத் தூக்கி மேஜை மேல வைக்க முடியாது. அதான் தப்பிடுச்சு." பிறகு மேஸ்திரியைக் கூப்பிட்டார். "படி வேண்டாம். முன்பக்கம் முழுக்கச் சரிவுதான். எல்லாரும் அதுலதான் ஏறணும்."

மேஸ்திரி தலையைச் சொறிந்தார். தரை தெருவை விட உயரம். என் வீட்டுக்காரர் தானாகவே ஏற வேண்டுமென்றால் சாய்வு மெதுவாக இருக்க வேண்டும். அதற்கு இந்த முன்பக்கம் போதாது. சுவரையொட்டி நீளமாகப் போய்த் திரும்பி வர வேண்டும். மண் நிரப்பிக் கெட்டிப்படுத்த வேண்டும், கான்கிரீட் போட வேண்டும், தண்ணீர் விட்டு ஊற வைக்க வேண்டும். "செய்யலாம் சிஸ்டர். ஆனா உள்ள இன்னும் பெயின்ட் இருக்கு, முன்னறைக்கு ஓடு ஒட்டணும், அலமாரிக்குக் கதவு இருக்கு. ஆள் இவ்வளவுதான். வருஷக் கடைசி தாண்டிடும்."

என் வாய் அன்றைக்கு எழும்பவில்லை. அவ்வளவு பேசுகிற வாய்.

அண்ணி கேட்டார்: "அவன் உள்ள இருக்கறதுக்கு எது இல்லாம முடியாது?"

"குளியலறை, தண்ணி, கரண்டு, படுக்கற அறை..." மேஸ்திரி யோசித்து யோசித்துச் சொன்னார். "அதெல்லாம் முடிஞ்சிருச்சு."

"அப்ப மத்ததெல்லாம் நிறுத்துங்க. எல்லாரையும் வாசலுக்குக் கொண்டு வாங்க. தியேட்டர்ல திடீர்னு ரத்தம் கொட்டுனா தையலை அழகாப் போட்டுட்டு இருக்க மாட்டோம். ஆளைக் காப்பாத்தணும். அழகு அப்புறம்."

இதை மாமியாரிடம் யார் சொல்வது? முன்னறையில் பளபளவென்று ஓடு ஒட்டி, வெள்ளையடித்த சுவரோடு சொந்தக்காரர்களை உட்கார வைக்க வேண்டும் என்பது அவருடைய ஆசை. அலமாரியும் இல்லை என்றாகிவிட்டது. இப்போது சுவரும் தரையும்கூட இல்லை. நானே சொன்னேன். சண்டைக்குத் தயாராகித்தான் சொன்னேன். மாமியார் சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "என் பிள்ளை முன்வாசல் வழியா வரட்டும். சுவரு எந்த நிறத்துல இருந்தா எனக்கென்ன?"

தலைச்சுமையை இறக்கி வைத்தது போல மனம் லேசாயிற்று. என் அண்ணனும் அன்றைக்கு 'ஒரு யோசனை' எதுவும் இல்லாமல் வந்து மண் சுமந்தான். தண்ணீர் ஊற்றி ஊற வைக்கிற வேலையை மாமியார் எடுத்துக்கொண்டார். காலையும் மாலையும் வாளியோடு வந்து, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு, ஒரு ஓரம்கூடக் காயாமல் பார்த்துக்கொண்டார்.

சாம்பல் நிறச் சுவர்களுக்கும், சிமென்ட் தரைக்கும், கதவில்லாத அலமாரிகளுக்கும் நாங்கள் குடிவந்தோம். மூன்றாவது மாடியிலிருந்து அவரைக் கடைசி முறையாகத் தூக்கி இறக்கினார்கள். புது வாசலில் வண்டியிலிருந்து இறங்கியதும் நான் பழக்கதோஷத்தில் நாற்காலியின் பின்னால் போய்க் கைப்பிடியைப் பிடித்தேன். "விடு" என்றார். சக்கரத்தைத் தன் கையால் உருட்டி, திருப்பத்தில் ஒருமுறை நின்று மூச்சு வாங்கி, மறுபடி உருட்டி, முன்கதவு வழியாக வீட்டுக்குள் போனார். நாங்கள் எல்லோரும் வரிசையாக அவர் பின்னால் ஏறினோம். ஏறுவதற்கு எங்களுக்கும் வேறு வழி இல்லை.

அண்ணி கடைசியாக வந்தார். பெயின்ட் இல்லாத சுவரைத் தடவிப் பார்த்துவிட்டு, டியூட்டிக்கு நேரமாகிறது என்று போய்விட்டார். நன்றி சொல்லக்கூட விடவில்லை. என்ன சொல்லியிருப்பேன் என்று எனக்கும் தெரியவில்லை. என் பிறந்த வீட்டில் எனக்கு அக்கா இல்லை. அந்தக் குறை எனக்கு இப்போது இல்லை என்று சொல்லியிருப்பேன்.

வருஷம் முடிய இன்னும் சில நாட்கள் இருந்தன. ஒரு மாலை நானும் மாமியாரும் கடைக்குப் போய்விட்டுத் திரும்பினோம். கதவு பூட்டியிருந்தது. என்னிடமிருந்த சாவியால் திறந்து, "என்னங்க" என்றேன். பதில் இல்லை. படுக்கையறையில் இல்லை. குளியலறையில் இல்லை. சமையலறையில் இல்லை. கைபேசி மட்டும் கட்டில் மேல் கிடந்தது. வாசலுக்கு ஓடினேன். வேலைக்காரர்கள் விட்டுப்போன சிமென்ட் தூசி சாய்தளம் முழுக்கப் படிந்திருந்தது. அதன் மேல் இரண்டு சக்கரத் தடங்கள் இறங்கி, தெருவில் வலப்பக்கம் திரும்பியிருந்தன. வலப்பக்கம் போனால் கடையும் கிடையாது, கண்ணியும் கிடையாது. இரண்டு தெரு தள்ளிப் பணிமனைதான்.

நான் அந்தச் சரிவிலேயே உட்கார்ந்துவிட்டேன். சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. மாமியார் பயந்துபோய் என்ன என்ன என்று கேட்டுக்கொண்டே நின்றார். நான் அண்ணிக்குப் போன் போட்டேன்.

"அண்ணி, அவரு வீட்டுல இல்ல."

"இல்லைன்னா?"

"இல்ல அண்ணி. நாங்க இல்லாத நேரத்துல கதவைப் பூட்டிக்கிட்டுக் கிளம்பிட்டாரு. யார்கிட்டயும் சொல்லல. முதலாளியைப் பார்க்கப் போயிருக்காரு. தடம் அந்தப் பக்கம்தான் போகுது."

மறுமுனையில் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் தள்ளுவண்டி போகிற சத்தம் கேட்டது. மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. அவர் அழுது நான் கேட்டதே இல்லை. தம்பி அடிபட்டுக் கிடந்த அன்றைக்கும் கேட்டதில்லை.

"தேடிப் போகட்டுமா அண்ணி?"

"வேண்டாம். போகாத." குரலைச் சரிசெய்துகொண்டார். "முதல்ல சொன்னியே, அதை மட்டும் இன்னொரு தடவை சொல்லு."

"அவரு வீட்டுல இல்ல, அண்ணி" என்றேன்.